விளக்கை மறைத்த வாத்தியார்

நான் எழுதியதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த நிரல் ஒன்றை, லேப் டெக்னீஷியன் அக்கா ஒருவர் இரண்டு ஸ்க்ரூவைத் திருகி, ஒரே நிமிடத்தில் வேலையில்லாமல் ஆக்கினார்.

சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. ரத்தப் பூச்சுகளை மைக்ராஸ்கோப்பில் படம்பிடித்து, அதில் மலேரியா ஒட்டுண்ணி இருக்கிறதா என்று கணினியே பார்த்துச் சொல்லும் ஒரு மென்பொருள். படங்களைச் சுத்தம் செய்து அடுத்த கட்டத்துக்குத் தரும் பகுதி என் பொறுப்பு. வந்த படங்கள் எல்லாவற்றிலும் ஒரே குறை. வலது மேல் மூலை பளீரென்று இருக்கும், இடது கீழ் மூலையில் அந்தி சாய்ந்திருக்கும். இன்னொரு தலைவலியும் இருந்தது. கண்ணாடியில் ஒட்டிய தூசு, காய்ந்த சாயத்தின் துணுக்கு என ஒவ்வொன்றைச் சுற்றியும் கருப்பு வெள்ளையாக வளையங்கள். மென்பொருள் அவற்றையும் ஒட்டுண்ணி என்று எண்ணிக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் உட்கார்ந்தேன். பின்னணி வெளிச்சத்தைக் கணக்கிட்டு, படத்தை அதனால் வகுத்து, மூலைகளைச் சமப்படுத்தி, வளையங்களை அடையாளம் கண்டு வடிகட்டி… அழகான நிரல். பாதி வேலை செய்தது. வெளிச்சம் சமமானது. ஆனால் இருண்ட மூலையில் இருந்த செல்களின் விளிம்பு மசமசவென்றுதான் இருந்தது. வளையத்தை வடிகட்டினால் சில சமயம் நிஜமான ஒட்டுண்ணியும் சேர்ந்து போனது.

கடைசியில் நேரில் போய்ப் பார்ப்போம் என்று லேபுக்குப் போனேன். இருபது வருடத்துக்கு மேல் ஸ்லைடு பார்த்தே பழகியவர் அந்த அக்கா. ஐபீஸில் கண்ணை வைத்த உடனேயே, “இத யாரு தம்பி கடைசியா தொட்டது?” என்றார். நாங்கள்தான். கேமரா மாட்டும்போது அடியில் இருந்த எதையோ தட்டிவிட்டிருக்கிறோம். அவர் விளக்குப் பக்கம் ஒரு வளையத்தை மூடினார், மேடைக்குக் கீழே ஒரு குமிழைத் திருகினார், இரண்டு ஸ்க்ரூக்களை லேசாக அசைத்தார், திரும்பவும் வளையத்தைத் திறந்தார். “கோலர் பண்ணாம படம் எடுத்தா இப்படித்தான் வரும். இப்ப பாருங்க.”

திரையில் நான்கு மூலையும் ஒரே வெளிச்சம். தூசைச் சுற்றி இருந்த வளையங்களைக் காணோம்.

அன்று ராத்திரி ‘கோலர்’ என்று தேடினேன். சட்டை காலர் மாதிரி ஏதோ ஒரு உதிரிபாகம் என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர். ஆகஸ்ட் கோலர், 1866இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்தவர்.

*

கோலரைப் புரிந்துகொள்ள, அவருக்கு முன்னால் ஆட்கள் விளக்கோடு பட்ட பாட்டை முதலில் பார்க்க வேண்டும்.

மைக்ராஸ்கோப்பின் வரலாற்றைப் பெரும்பாலும் லென்ஸ்களின் வரலாறாகத்தான் நமக்குச் சொல்லித்தருகிறார்கள். யார் எத்தனை மடங்கு பெரிதாக்கினார்கள் என்ற கணக்கு. ஆனால் ராபர்ட் ஹூக், 1665இல் லண்டனில் வெளியான தன் ‘மைக்ரோகிராஃபியா’ நூலின் முன்னுரையிலேயே வெளிச்சத்தைப் பற்றிப் புலம்புகிறார். ஒரே ஈயின் கண் ஒரு வெளிச்சத்தில் ஓட்டை ஓட்டையாகத் துளைத்த சல்லடை போலத் தெரிகிறது, வெயிலில் பார்த்தால் தங்க ஆணி அடித்த பரப்பாகிவிடுகிறது, இன்னொரு கோணத்தில் பிரமிடுகள், இன்னொன்றில் கூம்புகள். இதில் எதை வரைவது? பல வெளிச்சங்களில் பார்த்து, உண்மையான வடிவம் இதுதான் என்று உறுதியான பிறகே வரைந்ததாக எழுதுகிறார். மேகம் மூடிய லண்டனில் சூரியனை நம்ப முடியாதே. எண்ணெய் விளக்கின் முன்னால் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையை வைத்து, அதன் வழியே வெளிச்சத்தைக் குவித்துக்கொண்டார்.

அடுத்த 200 வருடத்தில் லென்ஸ்கள் எங்கேயோ போய்விட்டன. விளக்கு மட்டும் கிட்டத்தட்ட அதே நிலைதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேர்ந்தவர்கள் கையாண்ட முறை இது: விளக்குச் சுடரின் பிம்பத்தை, கண்டென்சர் என்கிற கீழ் லென்ஸை வைத்து, ஸ்லைடில் இருக்கும் பொருளின் மேலேயே துல்லியமாக விழவைப்பது. இங்கிலாந்தின் எட்வர்ட் நெல்சன் இதன் பெரிய ஆதரவாளர். பட்டையான திரியுள்ள பாரஃபின் விளக்கை விளிம்புப் பக்கமாகத் திருப்பி வைத்தால், ஒடுக்கமாக, பிரகாசமாக ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோட்டின் பிம்பத்துக்குள் பொருளை வைத்துப் பார்ப்பார்கள். கண்ணால் பார்ப்பதற்கு நல்ல முறைதான், இன்றைக்கும் அதில் குறை சொல்ல முடியாது.

சிக்கல் ஒன்றுதான். சுடரின் பிம்பம் பொருளின் மேல் விழுந்தால், சுடரும் பொருளும் ஒரே படத்தில் தெரியும். சுடர் ஆடினால் படம் ஆடும். சுடரில் பாதி மங்கலாக இருந்தால் படத்திலும் பாதி மங்கல். 1880களில் ஆஸ்திரியாவின் கார்ல் ஆயர் வான் வெல்ஸ்பாக் கேஸ் விளக்குக்கு மேண்டில் கண்டுபிடித்தார். நம்ம ஊர் பெட்ரோமாக்ஸில் தொங்குவது அதன் வாரிசுதான். கவுண்டமணி கடையில் செந்தில் நசுக்கித் தூளாக்கும் அதே வலைத்துணி. சுடரைவிட எவ்வளவோ பிரகாசம். ஆனால் அதை இந்த முறையில் மைக்ராஸ்கோப்புக்கு வைத்தால், பார்க்கும் பொருளின் மேல் வலைப்பின்னலும் சேர்ந்து விழும்.

கண் இதையெல்லாம் மன்னிக்கும். மூளை ஈடுகட்டிக்கொள்ளும். புகைப்படத் தகடு மன்னிக்காது. என் கேமரா மன்னிக்காத மாதிரியே.

*

இதற்கிடையில் யேனா என்ற சின்னப் பல்கலைக்கழக ஊரில் வேறொரு வேலை நடந்தது. அங்கே கார்ல் ட்சைஸ் 1846இல் தொடங்கிய பட்டறையில், 1866இல், அதாவது கோலர் பிறந்த அதே வருடம், எர்ன்ஸ்ட் அபே என்ற இளம் இயற்பியலாளர் சேர்ந்தார். நல்ல லென்ஸ் என்பது கைத்தேர்ச்சியால் வருவது, தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக் கண்டுபிடிப்பது என்று இருந்த தொழிலைக் கணக்குக்குள் கொண்டுவருவதுதான் அவர் வேலை. தொடக்கத்திலேயே ஒரு அடி வாங்கினார். பிழைகளைக் குறைக்க, ஒடுக்கமான கூம்பாக ஒளியை வாங்கும் லென்ஸ்களைக் கணக்குப்போட்டுச் செய்தார். கணக்கின்படி இவை நன்றாக இருக்க வேண்டும். ஆனால் பழைய அகலமான லென்ஸ்களைவிட மோசமாகத் தெரிந்தது.

அந்தத் தோல்வியிலிருந்து வந்ததுதான் 1873இல் அவர் வெளியிட்ட கோட்பாடு. ஒளி ஒரு நுண்ணிய பொருளில் பட்டதும் பல திசைகளில் விலகிச் சிதறுகிறது. பொருள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு அகலமாகச் சிதறும். அப்படிச் சிதறிய ஒளியை லென்ஸ் வாங்கினால்தான் அந்த நுணுக்கம் படத்தில் வரும். வாங்காமல் விட்டால் போனது போனதுதான். பச்சை ஒளியில், மிக நல்ல லென்ஸில்கூட, ஒரு மில்லிமீட்டரில் 5,000இல் ஒரு பங்குக்குக் கீழே இருக்கும் இடைவெளியைப் பிரித்துப் பார்க்க முடியாது. அந்தச் சூத்திரத்தை யேனாவில் நினைவுச்சின்னமாகக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது என் மூன்று வார நிரல் எங்கே தோற்றது என்று புரிந்தது. மங்கலான மூலையைப் பிரகாசமாக்க வகுத்தல் போதும். லென்ஸுக்குள் வராத ஒளியை எந்த வகுத்தலும் கொண்டுவராது. நான் பிற்பாடு சரிசெய்யப் பார்த்தது, முதலிலேயே தொலைந்துபோன ஒன்றை.

தூசு வளையங்களின் கதையும் இங்கேதான் இருக்கிறது, அதற்கு ராபர்ட் கோக் வர வேண்டும். அப்போது வோல்ஸ்டைன் என்ற ஊரில் மாவட்ட மருத்துவர். திசுக்களில் பாக்டீரியாவைத் தேடிக்கொண்டிருந்தார். சாயமேற்றிய திசுவைப் பார்த்தால், செல் சுவர்களின் விளிம்புகள், இழைகள் எனக் கோடும் நிழலுமாக ஒரு கூட்டம் தெரியும். பாக்டீரியா அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்துவிடும். அபே வடிவமைத்த கண்டென்சரை வாங்கி, அதன் துளையை அகலத் திறந்து வைத்தார் கோக். எல்லாப் பக்கமிருந்தும் ஒளி பாய்ந்ததும், ஒளிவிலகலால் மட்டும் தெரிந்த கோடுகளும் நிழல்களும் கரைந்துபோயின. சாயம் ஏறிய பொருள் மட்டும் நிறமாக நின்றது. முதலாவதை அமைப்புப் படம், இரண்டாவதை நிறப் படம் என்று பிரித்து, 1878இல் காயத் தொற்றுகளைப் பற்றிய நூலில் விளக்கினார். நான்கு வருடம் கழித்து, 1882 மார்ச் 24 அன்று, பெர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்தார். பழுப்புத் திசுவுக்கு நடுவே நீலக் குச்சிகள்.

சாயம் எவ்வளவு முக்கியமோ, அந்தத் துளையைத் திறந்துவைத்ததும் அவ்வளவு முக்கியம். எங்கள் லேபில் கண் கூசுகிறது என்று யாரோ அந்தத் துளையைச் சிறிதாக்கி வைத்திருந்தோம். கோக் கஷ்டப்பட்டு ஒழித்த அமைப்புப் படத்தைத் திரும்ப அழைத்து வந்து, அதை வடிகட்ட நான் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன்.

*

இனி கோலர். பல இடங்களில் அவர் ட்சைஸ் நிறுவன ஊழியராக இருந்தபோது இதைக் கண்டுபிடித்தார் என்று எழுதியிருக்கும். 1893இல் அவருக்கும் நிறுவனத்துக்கும் அப்படி எந்தத் தொடர்பும் இல்லை. கீசன் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் ஆய்வு மாணவர். முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது கடற்கரைப் பாறைகளில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒருவகைச் சிப்பி நத்தைகளின் வகைப்பாடு. ஒளியியலில் புரட்சி செய்யப்போகிற ஆளுக்கான தலைப்பே இல்லை. அதே வருடம் ஒரு நுண்ணோக்கியியல் இதழில், நுண்படம் எடுப்பதற்கான புதிய ஒளியூட்டு முறை என்ற தலைப்பில் 8 பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்.

அவர் செய்தது இதுதான். விளக்கின் பிம்பத்தைப் பொருளின் மேல் விழவைக்காதே. விளக்குக்கு முன்னால் ஒரு லென்ஸ் வை. அது விளக்கின் பிம்பத்தைக் கண்டென்சருக்குக் கீழே, அதன் துளை இருக்கும் இடத்தில் விழவைக்கட்டும். அப்போது, விளக்கின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் புறப்பட்ட ஒளி, கண்டென்சரைத் தாண்டியதும் இணைகதிர்களாகிப் பொருள் முழுவதும் பரவும். பொருளின் ஒவ்வொரு புள்ளிக்கும் விளக்கு முழுவதிலிருந்தும் ஒளி வரும். சுடரில் ஒரு பக்கம் மங்கலா? அந்த மங்கல் எல்லாப் புள்ளிக்கும் சமமாகப் பங்குபோகும். மேண்டிலில் வலையா? படத்தில் வலை இல்லை. விளக்கின் வெளிச்சம் மட்டும் வரும், விளக்கின் முகம் வராது.

அப்படியென்றால் பொருளின் மேல் எதன் பிம்பம் விழுகிறது? விளக்குப் பக்க லென்ஸின் முன்னால் இன்னொரு திறந்து மூடும் வளையம் வைத்தார். அதன் பிம்பம்தான் பொருளின் தளத்தில் விழும். அக்கா முதலில் மூடியது அதைத்தான்.

பொறியாளனாக எனக்கு இதில் பிடித்தது, அதுவரை ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்த இரண்டு வேலைகளை அவர் பிரித்த விதம். எவ்வளவு பரப்புக்கு வெளிச்சம் வேண்டும் என்பது ஒரு கேள்வி. எவ்வளவு அகலமான கூம்பாக ஒளி வர வேண்டும் என்பது வேறு கேள்வி. முதலாவதை விளக்குப் பக்க வளையம் பார்த்துக்கொள்ளும், இரண்டாவதைக் கண்டென்சர் துளை பார்த்துக்கொள்ளும். ஒன்றைத் தொட்டால் மற்றது அசையாது. மென்பொருளில் இப்படிப் பிரிக்கத் தெரிந்தவரைத்தான் நாங்கள் சீனியர் என்போம். அவர் அதைப் பித்தளையிலும் கண்ணாடியிலும் செய்தபோது வயது 27.

செய்முறை இன்றுவரை மாறவில்லை. பொருளை ஃபோகஸ் செய். விளக்குப் பக்க வளையத்தை மூடு, பார்வையில் மங்கலாக ஒரு பலகோண வெளிச்சம் தெரியும். அதன் விளிம்பு கூர்மையாகும்வரை கண்டென்சரை ஏற்றி இறக்கு. இரண்டு ஸ்க்ரூவால் அதை நடுவுக்குக் கொண்டு வா. பார்வைப் பரப்பைத் தாண்டும்வரை வளையத்தைத் திற. பிறகு ஐபீஸைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் பார்த்து, கண்டென்சர் துளையை லென்ஸின் அகலத்தில் முக்கால் பங்கு அளவுக்கு வை. வெளிச்சம் அதிகமென்றால் விளக்கைக் குறை, இந்தத் துளையைத் தொடாதே. அவ்வளவுதான். பழகியவருக்கு ஒரு நிமிடம்.

*

கட்டுரை வெளிவந்ததும் உலகம் எழுந்து நிற்கவில்லை. அடுத்த வருடமே லண்டனில் ஆங்கிலத்திலும் வந்தது. ஆனால் கண்ணால் பார்ப்பவர்களுக்குப் பழைய முறையே போதுமாக இருந்தது. கோலர் பிங்கன் என்ற ஊரில் பள்ளி வாத்தியாராக இருந்தார். 1900இல்தான், ட்சைஸ் நிறுவனத்தின் ஸீக்ஃப்ரீட் சாப்ஸ்கி அவரை யேனாவுக்கு அழைத்தார். போனவர் 1945 வரை, 45 வருடம் அங்கேயே இருந்தார்.

1904இல் மோரிட்ஸ் வான் ரோருடன் சேர்ந்து புற ஊதா ஒளியில் இயங்கும் மைக்ராஸ்கோப்பை உருவாக்கினார். அபேயின் சூத்திரப்படி அலைநீளம் குறைந்தால் நுணுக்கம் கூடும். அவர்கள் எடுத்துக்கொண்டது 275 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியவே தெரியாத ஒளி. சில பொருட்கள் அந்த ஒளியில் தாமே ஒளிர்ந்து தொந்தரவு கொடுத்தன. அந்தத் தொந்தரவிலிருந்துதான் பின்னால் மற்றவர்கள் ஒளிர்வு மைக்ராஸ்கோப்பை உருவாக்கினார்கள்.

சாயமேற்றாத உயிருள்ள செல்லைப் பார்ப்பது மட்டும் தீராத பிரச்சினையாக இருந்தது. செல் கண்ணாடி மாதிரி, ஒளியை விழுங்குவதில்லை, கொஞ்சம் தாமதப்படுத்த மட்டுமே செய்கிறது. நெதர்லாந்தின் ஃப்ரிட்ஸ் ஸெர்னிகே அந்தத் தாமதத்தை வெளிச்ச வேறுபாடாக மாற்ற ஒரு வழி கண்டுபிடித்தார். 1932இல் அதை யேனாவுக்கு எடுத்துப்போனார். வரவேற்பு சுகமில்லை. இதில் பயன் ஏதாவது இருந்திருந்தால் நாங்களே எப்போதோ கண்டுபிடித்திருப்போம் என்கிற தொனியில் அங்கிருந்த மூத்த விஞ்ஞானி ஒருவர் சொன்னதாக, 1953இல் நோபல் பரிசு வாங்கிய உரையில் ஸெர்னிகே நினைவுகூர்ந்தார். அந்த மூத்தவரின் பெயரை அவர் சொல்லவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸெர்னிகேயின் முறைக்கு ஒரு ஒளிவளையம் வேண்டும். அதை வைக்கும் இடம் கண்டென்சர் துளையின் தளம். அதன் பிம்பம் மேல் லென்ஸின் பின்தளத்தில் சரியாக விழ வேண்டும். கோலர் 1893இல் வரிசைப்படுத்தி வைத்த அதே தளங்கள். 1941இல், 75 வயதில், கோலரே லோஸ் என்பவருடன் சேர்ந்து இந்த முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார். 1943இல் அதே நிறுவனத்தில் குர்ட் மிகேல் இதை வைத்து, வெட்டுக்கிளியின் விந்தணுத் தாய் செல் பிரிவதைப் படமாக எடுத்தார். சாயம் போட்டுக் கொல்லாமல், குரோமோசோம்கள் இழுபட்டு விலகுவதை உயிரோடு காட்டிய படம். அது எடுக்கப்பட்ட காலத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தத் தொழிற்சாலை அப்போது ஜெர்மன் ராணுவத்துக்கான ஒளியியல் கருவிகளைச் செய்துகொண்டிருந்தது, கட்டாயத் தொழிலாளர்களை வைத்து. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்தது, ஜூலையில் சோவியத் படை. நிறுவனமே கிழக்கு மேற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. கோலர் 1948இல் இறந்தார்.

மின்விளக்கு பரவிய பிறகுதான் அவர் முறைக்கு முழு மதிப்பும் வந்தது. சுருள் சுருளாக இருக்கும் ஃபிலமென்ட்டின் பிம்பத்தைப் பொருளின் மேல் விழவைத்துப் பார்க்கவே முடியாது. விளக்கை மறைத்தே ஆக வேண்டிய கட்டாயம் வந்தபோது, வழி 8 பக்கத்தில் தயாராக இருந்தது.

*

இதைத் தேடிக்கொண்டே போனபோது நான் எதிர்பாராத ஒரு இடத்தில் வந்து நின்றேன்: என் மடிக்கணினிக்குள்.

சில்லுகளை அச்சிடும் இயந்திரம் ஒரு தலைகீழ் மைக்ராஸ்கோப். சின்னதைப் பெரிதாக்குவதற்குப் பதில் பெரிய வரைபடத்தைச் சின்னதாக்கி சிலிக்கான் மேல் ஒளியால் பதிக்கிறது. அதில் வெளிச்சம் ஒரு மூலையில் சற்றுக் குறைந்தாலும் அங்கே இருக்கும் ட்ரான்சிஸ்டர்கள் வேறு அளவில் வந்துவிடும். அதனால் அங்கேயும் கோலர் முறைதான். ஒளியைச் சமப்படுத்த, அடுக்கடுக்காகச் சிறு லென்ஸ்களைச் சேர்த்த ஒரு தகடு வைப்பார்கள், அதற்குப் பெயர் ஈக்கண். 1665இல் ஹூக்கைக் குழப்பிய அதே ஈயின் கண். அலைநீளத்தைக் குறைத்து நுணுக்கத்தைக் கூட்டும் ஓட்டமும் அங்கே தொடர்கிறது. 193 நானோமீட்டரைத் தாண்டி, இப்போது 13.5. அந்த ஒளியியலைச் செய்து தருவது இன்றும் ட்சைஸ்தான்.

ஆக, நான் மூன்று வாரம் எழுதிய நிரல் ஓடிய சில்லையே கோலரின் விளக்குதான் அச்சிட்டிருக்கிறது. எனக்கு அவர் பெயர் தெரியவில்லை. பொறியியல் படித்தவன், ஒளியியல் ஒரு தாளாகவும் எழுதியிருக்கிறேன். சூத்திரம் ஞாபகம் இருந்தது. மைக்ராஸ்கோப்பில் எதைத் திருகினால் அந்தச் சூத்திரத்தில் எது மாறும் என்பது தெரியாது. அக்காவுக்குச் சூத்திரம் தேவைப்படவில்லை. பலகோணம் கூர்மையாக வேண்டும், நடுவுக்கு வர வேண்டும், அது போதும்.

அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அடுத்த முறை போனபோது கேட்டேன். டிப்ளமா படிக்கும்போது ஒரு சார் தினமும் காலையில் வந்ததும் எல்லா மைக்ராஸ்கோப்பையும் கலைத்துவிட்டுப் போவாராம். மாணவர்கள் சரிசெய்த பிறகுதான் ஸ்லைடு கைக்கு வரும். “அப்ப எரிச்சலா இருக்கும் தம்பி. மனுசன் வேணும்னே பண்றாரேன்னு. மலேரியா இல்லாதவங்களுக்கு இருக்குன்னு எழுதிட்டா, இருக்கறவங்களுக்கு இல்லன்னு எழுதிட்டா, அந்தக் காகிதம் லேபத் தாண்டிப் போயிரும். அப்புறம் திருத்த முடியாது. அத அவர் ஒருநாள்தான் சொன்னாரு.”

நிரலில் அந்தப் பகுதியை அழித்துவிட்டேன். கிட்டத்தட்ட 600 வரி. அதன் இடத்தில் இருபது வரிதான் எழுதினேன். காலையில் முதல் படம் எடுத்ததும் நான்கு மூலைகளின் வெளிச்சத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் அதிகமாக இருந்தால் மேற்கொண்டு ஒரு படத்தையும் வாங்காது. திரையில் ஒரே ஒரு வரி வரும்: கோலர் செய்துவிட்டு வாருங்கள்.